மூன்று நூல்

பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரம் ஒன்று இடம் தவறி வெட்டுகிறது என்று எவராவது உங்களை அழைத்தால், வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, ‘திருகுதண்டு தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும்’ என்று தீர்ப்புக் கூறாதீர்கள். நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் மருந்து எழுதி முடிக்கும் வைத்தியரிடம் உங்கள் பிள்ளையைக் கொண்டுபோக மாட்டீர்கள் அல்லவா? ஆனால் நமது தொழிலில் அத்தகைய வைத்தியர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களது சட்டைப் பையில் இரண்டு பேனைகள் இருக்கும். அளவுகோல் வண்டியிலேயே கிடக்கும். இந்தக் கூட்டத்தாரைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்குக் காரணம், அக்கூட்டத்தின் முன்வரிசையில் பல வருடங்கள் நானே அமர்ந்திருந்தமையாகும்.

புதிதாக இத்தொழிலில் சேர்ந்திருக்கும் நீங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்தவர்கள். நான் படித்தது வரக்காப்பொலக் கடைத்தெருவில், என் தகப்பனாரின் புடவைக் கடைக்குள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டபின், பழைய இயந்திரங்களோடு வந்த கைநூல்களை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்து ஆங்கிலத்தையும் இயந்திரத்தையும் ஒருசேரக் கற்றேன். அதிற் பெருமைப்படுவதற்கு இடமுண்டு; பெருமைப்பட்டேன். அளவுக்கு மிஞ்சியே பெருமைப்பட்டேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான ‘மைக்ரோன்’ என்ற சொல்லை நாளொன்றுக்குப் பலமுறை உச்சரிக்காவிட்டால் எனக்கு உணவு இறங்காது என்று என் மனைவி பரிகசிப்பாள்.

நான் சொல்லவிருக்கும் சம்பவம் இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்வந்த முதற் சில வருடங்களில் நிகழ்ந்தது. தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளைக்குப் போகும் பாதையில் ஒரு பட்டறை இருந்தது. சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களின் தொழிற்சாலைகளுக்கு உருளை கடைந்து கொடுப்பதே நெடுங்காலமாக அதன் பிழைப்பு. அதன் உரிமையாளர் ஒரு சிங்களவர். எல்லோருக்கும் அவர் ‘முதலாளி’. இறப்பர்க் கால்மிதி வார்க்கும் அச்சுகளைத் தாமே செய்யலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. எண்ணம் நல்லது. கொழும்புக்குப் போய்ப் பழைய ஜப்பானிய இயந்திரமொன்றை அவர் தெரிவு செய்த விதந்தான் நல்லதல்ல. பழைய இயந்திரம் விற்போருக்கு இரண்டு கலைகள் கைவந்தவை. ஒன்று, துருவின் மேலேயே பச்சை வண்ணம் பூசுவது. மற்றது, ‘ஒரு கிழவர் மட்டும் பதமாக ஓட்டிய மெஷின்’ என்று சத்தியம் செய்வது. முதலாளி வண்ணத்தைப் பார்த்தார், சத்தியத்தைக் கேட்டார், வாங்கிவிட்டார். ஜப்பானில் அத்தனை இயந்திரங்களையும் பதமாக ஓட்டிய அந்த ஒரே கிழவரைக் காணும் பாக்கியம் எனக்கு இன்றுவரை கிட்டவில்லை.

அந்த இயந்திரத்தைப் பட்டறையில் நிலைநிறுத்தி, மட்டம் பார்த்து, ஓடவிட்டுக் கொடுத்தவன் நான்.

அதை இயக்குவதற்கு முதலாளி அமர்த்தியவர் மருதமுத்து. தோட்டத்து இறப்பர்த் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்குக் கிட்ட, இயந்திரம் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை பார்த்தவர், நாற்பதைக் கடந்தவர். அந்த நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பட்டறைக்கு வந்தார். அவரது இடத்துக்குத் தோட்டம் வேறொருவரைப் போட்டுவிட்டது. மனைவி இறப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போவதனால், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பரா அவர்களிடம் எஞ்சியிருந்தது. பட்டறை வேலை போனால் அவருக்குத் தோட்டத்தில் மிச்சமிருந்தது புல்வெட்டுதான். இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அப்போது நான் அறிந்திருந்தது, அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்ற ஒன்றை மட்டுமே. ஒரு மனிதரை எடைபோட அது போதும் என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதங்கள் இயந்திரம் குறையின்றி ஓடியது. பின்னர் ஒருநாள் காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“சேர், மருதமுத்து பேசுறேங்க. மோல்ட்டுல பாதி சரியா வந்துச்சு. கரண்ட் போயி வந்த பொறகு மீதிப் பாதி தள்ளிக்கிச்சு.”

எவ்வளவு தள்ளியது என்று கேட்டேன்.

“மூணு நூல் இருக்குங்க.”

அவர் முதலிற் கூறிய இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். பாதி சரியாக வந்தது. மின்சாரம் போய் வந்தபின் தள்ளியது. நோயும் அதில் இருந்தது, அதற்கு மருந்தும் அதிலேயே இருந்தது. இருபது வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்த ஒருவர், வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லாமல், எனக்குத் தேவையான அனைத்தையும் இரண்டு வரியிற் கொடுத்திருந்தார். நானோ அவ்விரண்டையும் அப்படியே தூக்கியெறிந்துவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். அதையும் பிழையாகப் பிடித்தேன்.

நான் புடவைக் கடைக்காரரின் மகன். எனக்கு நூல் என்றால் தையல் நூல். ‘மூன்று நூல்’ என்றால் மூன்று இழை. மைக்ரோனிற் சொல்லத் தெரியாத மனிதர் இழையிற் சொல்கிறார் என்று இரக்கப்பட்டு, தொலைபேசியை வைக்காமல் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். என் மனைவியின் தையற் பெட்டியிலிருந்து ஓர் இழையை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இருந்தது. மூன்றாற் பெருக்கினேன். இருநூற்று நாற்பது மைக்ரோன். பழுதான அச்சு அங்கே மேசையின்மேற் கிடந்தது; அதை அளக்கும்படி நான் சொல்லவில்லை. வீட்டில் இருந்த நூலை அளந்தேன். அந்த அளவு மிகத் துல்லியமாக இருந்தது என்பதை மட்டும் இன்றும் என்னால் உறுதிப்படுத்த முடியும்.

கால் மில்லிமீட்டருக்குக் கிட்டிய பிழை என்றால், மேசையை நகர்த்தும் திருகுதண்டுக்கும் அதன் மேல் ஓடும் நட்டுக்கும் இடையிலான தளர்வு என்று முடிவு கட்டினேன். மேசை திசை மாறும்போதெல்லாம் அத்தளர்வை ஈடுசெய்வதற்குக் கணினியில் ஓர் எண் உண்டு. அந்தப் பக்கத்தைத் திறக்கும் வழியைச் சொல்லி, இருநூற்று நாற்பது என்று அடிக்கும்படி பணித்தேன்.

பிறகு அவர் கேட்டார்.

“எரநூத்தி நாப்பதுன்னா மில்லிமீட்டர்ல எவ்வளவுங்க சேர்?”

“பொயின்ட் ரெண்டு நாலு.”

“மூணு நூலுக்கு பொயின்ட் ரெண்டு நாலா?”

“மருதமுத்து, நான் சொல்றத அடிங்க.”

அடித்தார்.

ஒருவர் உங்களிடம் கேள்வி கேட்கும்போது, அக்கேள்வி உங்கள் அறிவைச் சோதிப்பது போலத் தோன்றினால், அதுதான் அன்றைய நாளின் மிகச் சிறந்த கேள்வி. அதற்கு ‘சொல்றத அடிங்க’ என்று பதில் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிட்டது என்றால், நீங்கள் இயந்திரத்துக்கு அருகே போகத் தகுதியற்றவராகிவிட்டீர்கள் என்று பொருள். எனக்கு அந்த அதிகாரம் வந்து நெடுநாளாகியிருந்தது.

பழுதான அச்சை முதலாளி அன்றே அவிசாவளைக்கு அனுப்பி, பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பச் சொல்லிவிட்டார். ஆகவே அளந்து பார்க்க எவருக்கும் எதுவும் எஞ்சவில்லை. மருதமுத்து வேறொரு தகட்டை ஏற்றி அடுத்த அச்சை வெட்டினார். வட்டமாக வரவேண்டியவை எல்லாம் நான்கு பக்கத்திலும் தட்டிய வட்டங்களாக வந்தன. வராமல் என்ன செய்யும்? இல்லாத தளர்வுக்கு ஈடாக, மேசை திரும்பும்போதெல்லாம் கால் மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும்படி நான்தானே கட்டளையிட்டிருந்தேன்.

கால்மிதி செய்யும் நிறுவனத்தார் அடுத்த வாரம் அச்சு வராவிட்டால் வேறிடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டனர். புதன்கிழமை முதலாளி என்னை நேரில் அழைத்தார். போனேன். வட்டத்தைப் பார்த்தேன். நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை மேசையில் ஒட்டிவைத்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஐந்தே நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது: திருகுதண்டில் தளர்வு ஏதுமில்லை, நான் கொடுத்த எண்தான் வட்டத்தைக் கெடுத்தது.

அதற்குப் பின் நான் செய்ததை நான் எவருக்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். எவரும் பார்க்காத வேளையில் அந்த எண்ணைப் பழையபடி மாற்றினேன். தொலைபேசியில் நான் ‘இருபத்து நான்கு’ என்றுதான் சொல்லியிருப்பேன், அவர் காதில் ‘இருநூற்று நாற்பது’ என்று விழுந்திருக்கும் என்று எனக்குள்ளேயே ஒரு வழக்கை நடத்தி, நானே தீர்ப்பும் வழங்கினேன். மின்சாரம் போய் வந்த பின்பு நேர்ந்த பிழைக்கும் அவரையே பொறுப்பாளியாக்கினேன்: ஓடி முடியாத வேலையைத் தொடரும்போது, தகட்டில் அளவு தொடங்கும் புள்ளியான பூச்சியத்தைக் கலைத்திருப்பார். மருதமுத்து அருகில்தான் நின்றார்.

“சைபர நான் தொடவே இல்லைங்க சேர்.”

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று பிரதிகள். ஒன்று முதலாளிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று இயந்திரத்தின் மின்பெட்டிக் கதவின் உட்பையில். முதலாளிக்கு ஆங்கிலம் அரைகுறை; மருதமுத்துவுக்கு அறவே இல்லை. அந்தப் பட்டறையில் அதை வாசிக்கக்கூடிய ஒரே மனிதன் அதை எழுதியவன். நமது தொழிலில் எழுதப்படும் அறிக்கைகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று எவனும் கேட்பதில்லை, கேட்டால் ‘தரம்’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறோம்.

முதலாளி யாருடைய பிழை என்று சிங்களத்திற் கேட்டார். நான் கடதாசியைத் தட்டிக் காட்டினேன். என் வாயால் சொல்லவில்லை, விரலாற் சொன்னேன். சனிக்கிழமையோடு மருதமுத்துவை நிறுத்துவது என்று தீர்மானமாயிற்று. அதுவரை அவர் மேசையோரத்தில் நின்று அரம் போடட்டும். அச்சு முடியும்வரை இயந்திரத்தை நீங்களே ஓட்டிக் கொடுங்கள் என்று முதலாளி என்னைக் கேட்டுக்கொண்டார். மனமுவந்து இணங்கினேன். படித்தவன் ஓட்டினால் எப்படி ஓடும் என்பதை அவர்கள் பார்க்கட்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை.

வியாழக்கிழமை, அவிசாவளையிலிருந்து நிரப்பி வந்த முதல் அச்சை ஏற்றினேன்; அழகாக ஓடியது. நான் இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் மருதமுத்துவின் அரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் வேளையில் எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்தத் தேநீரை நான் குடித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல், கால்மிதியின் வரிப்பள்ளங்களில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. மின்சாரம் போயிற்று. அக்காலத்தில் அது நாளாந்தம் நடக்கும் காரியம். எவரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வந்தது. நான் இயந்திரத்தை எழுப்பினேன். அந்தக் காலத்து இயந்திரங்கள் மின்சாரம் போனால் தாம் நிற்கும் இடத்தை மறந்துவிடும். மேசையை ஒரு மூலைக்கு அனுப்பி, ‘இதுதான் உன் வீடு’ என்று காட்ட வேண்டும். அங்கிருந்து அது எல்லாவற்றையும் கணக்கிட்டுக்கொள்ளும். ‘ஹோம் எடுப்பது’ என்று அதற்குப் பெயர். முறைப்படி ஹோம் எடுத்தேன். பூச்சியத்தைத் தொடவில்லை. நின்ற வரியிலிருந்து ஓடவிட்டேன்.

கட்டர் இறங்கியது. என் கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னர் பின்னால் ஓடிய அரம் நின்றது. வெட்டும் சத்தம் மாறியதை அவர் காது பிடித்துவிட்டது. நான் சிவப்புப் பொத்தானை அடித்தபோது, புதிய பள்ளம் பழைய பள்ளத்தின் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு விரலகலம் ஓடியிருந்தது.

இயக்கியவன் நான். பூச்சியத்தைத் தொடாதவன் நான். கைகாட்டுவதற்குப் பட்டறையில் வேறு எவரும் இல்லை.

மருதமுத்து அரத்தை வைத்துவிட்டு வந்தார். தம் காற்சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுத்து, வெட்டவேண்டிய இடத்துக்கும் வெட்டிய இடத்துக்கும் இடையில் வைத்தார். குனிந்து பார்த்தார்.

“மூணு நூல். கொஞ்சம் கூட.”

நான் அடிமட்டத்தைப் பார்த்தேன். அவரது விரல் அங்குலக் கோடுகளின்மேல் இருந்தது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்த கோடுகள். அதில் மூன்றாவது கோட்டைத் தாண்டிச் சிறிது.

“இதுவா நூல்?” என்று கேட்டேன்.

“வேற எதுங்க சேர் நூல்?”

சத்தம் கேட்டு முதலாளி வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தை மருதமுத்து சிங்களத்தில் அவருக்குச் சொன்னார். அந்த வாக்கியத்திலும் ‘நூல்’ என்ற அதே சொல் அதே பொருளில் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துத் தமிழிற் கேட்டார்:

“நூல் தெரியாதா மாத்தயா? அங்குலத்துக்கு எட்டு நூல். இந்த ரோட்டுல எல்லா பாஸுக்கும் தெரியுமே.”

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; பாஸ் என்று இங்கே தச்சரையும் மேசனையும் அழைப்பது வழக்கம். அந்த நெடுஞ்சாலையில் பலகை அறுப்பவர், சுவர் கட்டுபவர், தோட்டத்தில் உருளை பூட்டுபவர், சிங்களவர், தமிழர் அனைவருக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல் அது. அச்சொல்லைத் தன் கடைச் சொல்லென்று எண்ணியிருந்த ஒருவனுக்கு மட்டுமே அதன் பொருள் தெரிந்திருக்கவில்லை.

என் வேர்னியர் அளவுகோலை எடுத்தேன். அதே இடைவெளியில் வைத்து அளந்தேன். சரியாகப் பத்து மில்லிமீட்டர். ஒன்பதே முக்காலும் அல்ல, பத்தேகாலும் அல்ல.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிற்று. தேய்மானம் ஒருபோதும் முழு எண்ணில் வராது. பத்து மில்லிமீட்டர் என்பது அந்த இயந்திரத்தின் திருகுதண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மேசை நகரும் தூரம். அதாவது இயந்திரம் தன் வீட்டை ஒரு சுற்றுத் தள்ளி அடையாளம் கண்டிருக்கிறது. அது நடக்கும் விதம் இதுதான்: மேசையின் ஓரத்தில் ஒரு சிறு உலோகக் கட்டை பூட்டப்பட்டிருக்கும். மேசை மூலைக்குப் போகையில் அந்தக் கட்டை ஒரு சுவிட்சை அழுத்தும். சுவிட்ச் விடுபட்டதன் பின்னர், மோட்டாரில் சுற்றுக்கு ஒருமுறை வரும் அடையாளம் எப்போது முதலில் வருகிறதோ, அந்த இடமே வீடு. கட்டை சரியான இடத்தில் இருந்தால் சுவிட்ச் விடுபடுவது இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் நிகழும், சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டை அடையாளத்தோடு ஒட்டி நின்றுவிட்டாலோ, சுவிட்ச் ஒரு மயிரிழை முந்தினால் இந்த அடையாளம், பிந்தினால் அடுத்தது. ஒருநாள் ஒரு வீடு, மறுநாள் பக்கத்து வீடு.

காலையில் ஒவ்வொரு புதிய வேலைக்கும் மருதமுத்து பூச்சியத்தைப் புதிதாக எடுப்பார். ஆகவே எந்த வீடாக இருந்தாலும் வேலை சரியாகவே வந்தது. வேலை நடுவில் மின்சாரம் போய், திரும்ப எழும்போது வீடும் மாறினால் மட்டுமே குட்டு வெளிப்படும். அவர் பூச்சியத்தைக் கலைத்ததனாற் பிழை நேரவில்லை. அதை நேர்மையாகத் தொடாமல் விட்டதனாலேயே நேர்ந்தது.

அந்தக் கட்டையை அங்கே பூட்டியவர் யார் என்றும் கேட்பீர்கள். கப்பலில் ஏற்றுவதற்காக மேசையை இறுக்கிக் கட்டியபோது அதைக் கழற்றி ஒரு பொலித்தீன் பையில் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்ததும் அதைத் திரும்பப் பூட்டியவன் நான். கண்ணளவில் பூட்டினேன். அடையாளத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கணினித் திரையிற் பார்க்கலாம், கைநூலில் எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தை எனக்கு மனப்பாடமாகவே தெரியும். முதல்நாள் நன்றாக ஓடியது, ஆகவே பார்க்கவில்லை.

இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, கட்டையை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தி, மீண்டும் இறுக்கினேன். ஹோமைப் புதிதாக எடுத்து, இயந்திரத்தை அணைத்து எழுப்பி, பன்னிரண்டு முறை பார்த்தோம். பன்னிரண்டு முறையும் ஒரே வீடு. வேலை முடிய அரை மணித்தியாலங்கூடப் பிடிக்கவில்லை.

முதலாளிக்கு மகிழ்ச்சி. அச்சை மறுபடியும் வெல்டிங்குக்கு அனுப்பலாம், செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்துவிடலாம் என்றார். மருதமுத்துவின் தோளைத் தட்டி, போய் மெஷினில் நில்லுங்கள் என்றார். அத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று முதலாளியும் நானும் நினைத்தோம். அப்படி முடிந்திருந்தால் எனக்கு மிக வசதியாக இருந்திருக்கும்.

மருதமுத்து நகரவில்லை. மின்பெட்டிக் கதவைத் திறந்து, உட்பையிலிருந்து என் அறிக்கையை எடுத்தார். இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

“இதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க சேர்.”

அப்பால் உருளை கடைந்துகொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் வாசித்தேன். ஆங்கிலத்தை மனதிற்குள் தமிழாக்கி வாசித்தேன். “இயக்குநரின் கவனக்குறைவினால் அளவீட்டு மாற்றம் தவறாக உட்புகுத்தப்பட்டமையும்...”

“நம்ம தமிழ்ல சொல்லுங்க.”

அழகிய சொற்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பதை அந்தக் கணத்தில் கண்டேன். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னேன்.

“நம்பர நீங்க பிழையா அடிச்சீங்க, சைபரையும் நீங்கதான் கலைச்சீங்கன்னு எழுதியிருக்கேன்.”

“நம்பர் சொன்னது யாருங்க?”

“நான்தான்.”

“கலைச்சேனா நான்?”

“இல்ல.”

“அப்ப அதையும் எழுதுங்க. புதுக் கடுதாசி வேணாம் சேர். புதுசு எழுதினா பழசு எங்கயாவது கெடக்கும். இதுலயே வெட்டிட்டு, இதுலயே எழுதுங்க.”

மூன்று பிரதிகளிலும் அந்த வரிகளை வெட்டினேன். முதலாளியின் அறையில் ஆணியில் தொங்கியது, என் பையில் இருந்தது, கதவுப் பையில் இருந்தது. கீழே தமிழில் எழுதினேன். மருதமுத்து சொல்லச் சொல்ல எழுதினேன் என்பதே சரி. ‘ஒப்பரேட்டர் மூணு நூல் என்று சொன்னார். இஞ்சினியருக்கு நூல் என்றால் என்னவென்று தெரியாது. பொயின்ட் ரெண்டு நாலு போடச் சொன்னது இஞ்சினியர். ஒப்பரேட்டர் சைபரைத் தொடவில்லை. கட்டையைப் பிழையாகப் பூட்டியது இஞ்சினியர்.’ அவரை ஒப்பரேட்டர் என்றும் என்னை இஞ்சினியர் என்றும் எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெயர் எழுதினால் ஆட்கள் போனபின் யாருக்கும் விளங்காது என்றார். நான் கையொப்பமிட்டேன். கடதாசியை மடித்துக் கதவின் உட்பையிற் செருகிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

என் நாற்காலியை மட்டும் காலால் ஒதுக்கி வைத்தார். அவர் நின்றுகொண்டே ஓட்டுபவர்.

அதன் பிறகும் அந்தப் பட்டறையிலிருந்து எனக்கு அழைப்புகள் வந்தன. “சேர், அரை மில்லிமீட்டர் வித்தியாசம். மில்லிமீட்டர்தாங்க, உங்க வீட்டுத் தையல் பொட்டிய தொறக்க வேணாம்” என்று தொடங்குவார். தையற் பெட்டிக் கதையை முதலாளியிடம் நானே சொல்லித் தொலைத்திருந்தேன். முதலாளி என் பெயரை மறந்துவிட்டு ‘நூல் மாத்தயா’ என்றே கூப்பிடலானார். அவிசாவளை வெல்டிங் கடையிலும் அந்தப் பெயர் பரவியிருந்தது. அதற்கெல்லாம் நான் சினங்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். சினங்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

சில வருடங்கள் கழித்து முதலாளி இன்னொரு இயந்திரம் வாங்கினார். அதைத் தெரிவு செய்யக் கொழும்புக்கு மருதமுத்துவை அழைத்துப் போனார். அவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக மின்பெட்டிக் கதவைத் திறந்து, உட்பையில் என்ன கடதாசி இருக்கிறது என்று பார்த்தாராம். பழைய இயந்திரம் எம்பிலிப்பிட்டியவில் ஒரு பட்டறைக்குக் கைமாறிற்று.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், அந்த எம்பிலிப்பிட்டியப் பட்டறைக்கு ஒரு சிறு வேலையாகப் போக நேர்ந்தது. அங்கே உங்களைப் போலப் படித்த இளைஞர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். மடிக்கணினி, நல்ல சப்பாத்து, சட்டைப் பையில் இரண்டு பேனைகள். பழைய பச்சை வண்ணத்தின் மேல் இப்போது நீல வண்ணம் பூசியிருந்தார்கள். நான் கதவைத் திறக்கும் முன்பே அவர் சிரித்துக்கொண்டு உட்பையிலிருந்து மஞ்சளடைந்த கடதாசியை எடுத்தார்.

“இதப் பாருங்க சேர். மெஷினோட வந்தது. எந்த மடையனோ மூணு நூலுக்கு பொயின்ட் ரெண்டு நாலு போடச் சொல்லியிருக்கான். கையொப்பம் யாருடையதுன்னுதான் வாசிக்க முடியல்ல.”

கடதாசியை வாங்கி, கையொப்பத்தில் இருந்த என் பெயரை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.